நர்ஸிடம் சிகரெட்டை மறைக்காதே

அம்மா,

வகுப்புக்குப் போகிறேன். காலை ஏழரை வரை உயிரோடுதான் இருக்கிறேன். உருளைக்கிழங்கும் மாட்டிறைச்சியும் ஓவன் அடுப்பில் இருக்கின்றன, சூடாக்கிச் சாப்பிடு. கார் சாவி உன் பனிக்கோட்டுப் பையில்.

கர்ப்பத்தில் தாய் எப்படி இருந்தாள், அது பிள்ளையின் ஆயுளை எப்படிப் பாதிக்கிறது என்று ஆராய்கிறார்களே, அந்த ஆய்வுக்காக நர்ஸ் ஹௌகன் இரண்டு மணிக்கு வருகிறார். நான் வயிற்றில் இருந்தபோது சிகரெட் பிடித்ததே இல்லை என்று அவரிடம் சொல்லப்போவதாக நேற்று சொன்னாய்.

"என்னால உன் ஆயுசுல பத்து வருஷம் போயிருந்தா என்னடா பண்றது?" என்று கேட்டாய்.

"கடைசிப் பத்து வருஷந்தானேம்மா? பல்லு போன வருஷங்க. போனாப் போகுது" என்றேன்.

நீ கதவைச் சாத்திக்கொண்டாய். இதையே கல்லூரிப் பத்திரிகையில் எழுதியிருந்தால் சிரித்திருப்பார்கள். உன்னிடம் சொல்லியிருக்கக் கூடாது. மன்னித்துவிடு.

ஆனாலும் உண்மையைச் சொல்லிவிடு. இனிமேல் பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கு அது உதவும். ஐந்தாம் மாதத்தில், உறைந்த ஏரியில் மீனுக்காகப் போட்ட துளைக்குள் சிகரெட் பெட்டியைத் தூக்கிப் போட்டாயாமே, அதையும் சொல். அப்பா சொல்லித்தான் எனக்கே தெரியும். மறுநாள் தூண்டிலோடு அதைத் தேடிப் போனதைக் கேட்டால் மட்டும் சொன்னால் போதும்.

சோரன்

பி.கு.: மதிய வகுப்புக்குப் போகவில்லை. ஒன்றரைக்கே வந்துவிடுவேன். நர்ஸ் கேட்கும்போது உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். வாயைத் திறக்கமாட்டேன். இருபது வருடத்தில் இதுதான் முதல் தடவை.