பதினான்கு வீடுகளும் படிக்காத தாள்

"ஒரு மறுமொழி உங்கள் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது." இன்று காலை கணினியைத் திறந்தவுடன் என் வலைப்பூவின் உச்சியில் இருந்த வரி இது. அதன் கீழே இரண்டு பொத்தான்கள்: வெளியிடு, நீக்கு. வழக்கமாக இவற்றில் ஒன்றை அழுத்த எனக்கு அரை நிமிடம் போதும். இன்று மேசை மீதிருந்த கோப்பி ஆறி ஆடை படிந்த பிறகும் நான் எதையும் அழுத்தவில்லை. எழுதியிருந்தவள் உன் மகள்.

நீ காலமான செய்தியை அவள் வரிகளிலிருந்துதான் அறிந்தேன். சென்ற தை மாதம் என்கிறாள். நான் அந்தத் தை மாதத்தில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். இங்கே மலாக்காவில், கிளேபாங்கில் ஒரு திருமண விருந்தில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வலைப்பூ என்றால் என்னவென்று மற்றவர்களுக்கு விளக்க வேண்டும், உனக்குத் தேவையில்லை. ஒருவர் எழுதுகிறார். படித்தவர்கள் அதன் அடியில் மறுமொழி எழுதுகிறார்கள். மறுமொழிக்கு மறுமொழி வருகிறது. முகம் பார்த்திராதவர்கள் நாளடைவில் ஒரு தெருவில் குடியிருப்பவர்களைப் போல ஆகிவிடுகிறார்கள். எழுபது வயதைக் கடந்தபின் நான் இதில் இறங்கினேன். பழைய மலாக்காவைப் பற்றி எழுதுகிறேன். என் மருமகள் இதைக் கேலி செய்வாள். "யாரு லா மாமா இப்ப பிளாக் படிக்கிறா? எல்லாம் ஃபோன்லயே ரெண்டு வரில முடிச்சிடுறாங்க. ஃபேஷன் போயிடுச்சு." இருக்கலாம். என் வலைப்பூவுக்குத் தவறாமல் வருகிறவர்கள் பதினைந்து பேர் இருந்தால் அதிகம். அந்த எண்ணிக்கை எனக்குப் பழக்கமானது என்று அவளிடம் சொன்னதில்லை.

இளவயதில் நாம் நடத்திய கையெழுத்துப் பத்திரிகைக்குப் பதினான்கு வீடுகள். காஜா பேராங்கில் ஒன்பது, துக்காங் எமாஸ் தெருவில் மூன்று, கிளேபாங்கில் ஒன்று, கடைசியாக என் வீடு. இருந்தது ஒரே பிரதி. நாற்பது பக்கம், முன்பாதி உன் உருண்டைக் கையெழுத்தில், மூன்று துளையிட்டு வெள்ளை நூலால் தைத்தது. வீட்டுக்கு இரண்டு நாள், பிறகு அடுத்த வீடு. அதற்கு நீ வைத்த அழகான பெயரை ஒருவரும் சொல்லவில்லை. "சுத்துப் புத்தகம் வந்துருச்சா?" என்றே எல்லோரும் கேட்டார்கள். இரண்டாம் இதழிலேயே உன் பெயரை அடித்துவிட்டு அதையே அட்டையில் எழுதிவிட்டாய்.

அந்நாளில் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் கையெழுத்துப் பத்திரிகை நடத்திய இளைஞர்கள் பலர். நீ செய்த ஒன்றை வேறு எவரும் செய்து நான் பார்க்கவில்லை. பின்பாதியில் இருபது பக்கங்களை வெறுமையாக விட்டு, 'மறுமொழி' என்று தலைப்பிட்டு, புத்தகத்தின் முதுகில் ஒரு நூலைக் கட்டி அதன் முனையில் ஒரு பென்சிலைத் தொங்கவிட்டாய்.

"பென்சில் எதுக்குடா?" என்று கேட்டேன்.

"எழுதச் சொன்னா எல்லாரும் பென்சில் இல்லம்பாங்க. இனிமே அந்தச் சாக்கு கிடையாது."

முதல் சுற்றில் மூன்றே மறுமொழிகள். துக்காங் எமாஸ் தெருவில் நகை செய்த பத்தர் எழுதினார்: 'கதை சுமார். கையெழுத்து பரவாயில்லை.' நான் கொதித்தேன். நீயோ அடுத்த இதழின் முதல் பக்கத்தில் அவர் பெயரைப் போட்டு, எந்த இடம் சுமார் என்று கேட்டு எழுதினாய். அவர் இரண்டு பக்கம் எழுதினார். அவருக்கு எதிராகக் கிளேபாங் லாரி ஓட்டுநர் ஒன்றரைப் பக்கம் எழுதினார். நான்கைந்து மாதங்களில் மக்கள் புத்தகத்தைப் பின்பக்கத்திலிருந்து திறக்கத் தொடங்கினார்கள். "எழுதினவன் எழுதிட்டுப் போயிட்டா அது நோட்டீஸ். படிச்சவன் திருப்பிப் பேசணும் லா" என்பாய். இன்று வலைப்பூவுக்கு ஆள் சேர்ப்பது எப்படி என்று பெரிய கட்டுரைகள் வருகின்றன. அவற்றில் உள்ளவை எல்லாம் நீ சைக்கிளில் சுற்றிச் செய்து முடித்தவை.

நம் வாசகர்களில் தமிழ் அறியாத ஒருவரும் இருந்தார். காஜா பேராங்கில் பல தலைமுறைகளாக வாழ்ந்து தமிழை மறந்துபோன செட்டி குடும்பத்து அம்மாள். நெற்றியில் திருநீறு, பேச்சு முழுவதும் மலாய். மலாயில் அத்தை என்று பொருள்படும்படி மாச்சிக் என்று அழைப்போம். நீ அவர் வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தை மலாயில் சொல்லிக் காட்டுவாய். அவர் சொல்லும் மறுமொழியைத் தமிழ் எழுத்தில் மலாயாகவே எழுதிக்கொள்வாய். பதினான்கு வீட்டாரும் அதை வாய்விட்டுப் படித்துப் பார்த்துச் சிரித்தார்கள். மாச்சிக் தன் வீட்டு வரிசை வரும் நாளில் உனக்காகப் பலகாரம் செய்து வைப்பார்.

விதிகளை வகுத்தது நான். வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியாக இருந்துகொண்டு சட்டம் படிக்க ஏங்கிய காலம் அது. கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த அவசரகாலச் சட்டங்கள் இன்னும் நடப்பில் இருந்தன. ஒரு காகிதத்துக்காக வீடுகள் சோதனையிடப்பட்டதை அலுவலகத்தில் கேட்டுப் பயந்திருந்தேன். ஆகவே மறுமொழி எழுதுபவர் பெயர், வீடு, தேதி மூன்றையும் குறிப்பிட வேண்டும். புறப்படுமுன் ஒருமுறையும் சுற்றி வந்தபின் ஒருமுறையும் நான் படித்து, மூலையில் சிறு கையொப்பம் இடுவேன். "டேய் வக்கீலு, நீ மூச்சு விடுறதுக்கும் ரெண்டு சாட்சி கேப்ப" என்று சிரித்தாலும் நீ இணங்கினாய். இதற்கு இப்போது மட்டுறுத்தல் என்று பெயர். காத்திருக்கும் மறுமொழிகளை அனுமதிக்கும் இந்தப் பொத்தான்களைப் பார்க்கும்போதெல்லாம் என் அந்தச் சிறு கையொப்பம் நினைவுக்கு வரும்.

நீ வகுத்தது ஒரே விதி. புத்தகத்தில் கேள்வி கேட்டவர், அந்தச் சுற்று முடியும்வரை புத்தகத்தைத் தொடக்கூடாது; அதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவும் கூடாது. "மூஞ்சியப் பாத்தா உண்மைய எழுத மாட்டாங்க" என்று காரணம் சொன்னாய்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வருவதற்குச் சில வாரங்கள் இருந்தன. கடைத்தெருவில் புதுக் கொடிகளுக்குத் துணி வெட்டிக்கொண்டிருந்தார்கள். உன் குடியுரிமை மனுவை நானே நிரப்பிக் கொடுத்திருந்தேன். 'இந்நாட்டிலேயே நிரந்தரமாக வாழ எண்ணியுள்ளேன்' என்ற உறுதிமொழிக்குக் கீழே நீ கையொப்பமிட்டபோது அருகில் இருந்தேன். அடுத்த வாரம் புதிய இதழைக் கொடுத்துவிட்டுப் போனாய். வழக்கம்போலப் படிக்க உட்கார்ந்தேன். மறுமொழிப் பகுதியின் முதல் தாளில் நீ எழுதியிருந்தாய்:

'அப்பா வேலை முடிந்து ஊருக்குத் திரும்புகிறார். என்னையும் வரச் சொல்கிறார். மூன்று வயதில் கப்பலில் வந்தவன் நான். அந்த ஊர் எனக்கு நினைவில் இல்லை. அப்பாவைத் தனியே அனுப்பவும் மனம் இல்லை. நான் இங்கே இருந்தால் உங்களுக்கு ஏதேனும் பொருள் உண்டா? இருக்கட்டுமா, போகட்டுமா? பதினான்கு வீட்டாரும் எழுதுங்கள். எழுதியபடி செய்கிறேன்.'

ஒரு நண்பன் இதைப் படித்திருந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு உன்னிடம் வந்திருப்பான். நான் கிராணியாகப் படித்தேன். நிரந்தரமாக வாழ்வதாக உறுதி கூறியவர், போகலாமா என்று தன் கைப்பட எழுதிய ஆவணம். அது பதினான்கு வீடுகளில் சுற்றப் போகிறது. எவரேனும் அதிகாரியிடம் கொண்டுபோனால் மனு கெடும். இப்படித்தான் என் மனம் ஓடியது. தையலைப் பிரித்தேன். அந்தத் தாளை உருவினேன். அலுவலகத்தில் ஆவணங்கள் கட்டும் பச்சை நூலால் மறுபடி தைத்தேன். உன்னிடம் சொல்லவில்லை. குடியுரிமை கைக்கு வந்ததும் தாளைக் காட்டிச் சேர்ந்து சிரிக்கலாம் என்று நினைத்தேன். ஐம்பது ஆண்டுகள் சட்டம் பார்த்தவன் சொல்கிறேன்: என் அச்சத்துக்கு ஆதாரம் மிக மெலிது. பத்தரின் பட்டறையில் கிடக்கும் ஒரு தையல் புத்தகத்தை எந்த அதிகாரி தேடி வந்திருப்பான்?

புத்தகம் நான்கு வாரம் சுற்றியது. உன் விதிப்படி நீ தொடவில்லை, கேட்கவும் இல்லை. வழியில் கண்டால் வானிலையைப் பற்றிப் பேசினாய். அந்தச் சுற்றில் மாச்சிக்குக்குப் படித்துச் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. என் மலாய் உன்னுடையதைப் போல இனிமையானதல்ல. பொறுமையாகக் கேட்டவர், முடிவில் "தியா தா துலிஸ்?" என்றார். மறுமொழிப் பகுதியில் அவன் ஒன்றும் எழுதவில்லையா என்று கேட்கிறார். இல்லை என்றேன். உனக்கு வைத்திருந்த பலகாரத்தை எனக்குக் கொடுத்தார். சாப்பிட்டேன்.

சுற்று முடிந்த மறுநாள் மதியம் அலுவலக வாசலுக்கு வந்தாய். சைக்கிளிலிருந்து இறங்காமல் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றாய்.

"சுத்து முடிஞ்சிருச்சா?"

"நேத்தே வந்துருச்சு."

"எனக்கு ஏதாச்சும்?"

"ஒண்ணும் வரலடா."

"பதினாலு வீட்டுலயுமா?"

"ஒண்ணும் வரல."

"மாச்சிக் கூட?"

இல்லையென்று தலையை அசைத்தேன். நீ கைப்பிடியிலிருந்த மணியை ஒருமுறை சும்மா அழுத்தினாய். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாய்: "பதினாலாவது வீடு நீதானே லா, வக்கீலு."

நான் உன்னிடம் அன்று சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. சத்தியப் பிரமாணம் செய்து கூண்டில் நின்றும் சொல்லலாம். புத்தகம் மேசை இழுப்பறையில் இருந்தது. 'எடு, பார்க்கிறேன்' என்று நீ கேட்டிருந்தால் பச்சை நூலைக் கண்டிருப்பாய். நீ கேட்கவில்லை. என் சொல்லைச் சந்தேகிக்கும் பழக்கம் உனக்கு இருந்ததில்லை.

எட்டாம் நாள் தம்பினுக்குப் போகும் பஸ்ஸில் ஏறினாய். அங்கிருந்து ரயில், பிறகு கப்பல். நீ வேறு எவரிடமும் சொல்லவில்லை. என்னிடம் சொன்னதும் கடைசி நாளில்தான். உன் அப்பா பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன். அவர் முன்னால் எப்படிச் சொல்வது, பயணச்சீட்டு எடுத்தாயிற்றே, இனிச் சொன்னால் என்ன விளைவு என்று வரிசையாக யோசித்தேன். நீ சட்டைப்பையிலிருந்து ஒரு புதுப் பென்சிலை எடுத்து என் கையில் வைத்தாய். "பழசு குட்டையாயிருச்சு. இதக் கட்டிடு." பஸ் நகர்ந்தது. யோசித்து முடிக்காமல் நின்றேன்.

அதன்பின் வந்த இதழை நானே எழுதினேன். இருபது மறுமொழிப் பக்கங்களும் நிரம்பின. ஒருவரும் இதழைப் பற்றி எழுதவில்லை. பத்தர், 'சொல்லாமல் போனது முறையல்ல' என்று எழுதியிருந்தார். லாரி ஓட்டுநர், தம்பின் வரை தன் லாரியிலேயே கொண்டுபோய் விட்டிருப்பேனே என்று எழுதியிருந்தார். மாச்சிக் இரண்டே சொற்கள் சொன்னார்: "பீலா பூலாங்?" எப்போது வீடு திரும்புவாய் என்று பொருள். அவர்கள் உன்னால் மனம் நொந்தார்கள். நீ அவர்களால் மனம் நொந்து கடல் மேல் போய்க்கொண்டிருந்தாய். இரண்டுக்கும் நடுவில் என் இழுப்பறை இருந்தது. அதற்குமேல் நான் புத்தகம் தைக்கவில்லை.

உன் பெயருக்கு அரசாங்க உறை ஒன்று, குடியுரிமை மனுவில் நான் கொடுத்திருந்த அலுவலக முகவரிக்கு வந்தது. பிறர் பெயரிட்ட உறையை நான் பிரிப்பதில்லை. 'உரியவர் இங்கில்லை' என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். உனக்கு எழுத முயன்ற கடிதங்கள் பல. ஒவ்வொன்றிலும் உண்மையைக் கூறும் பத்திக்கு முன்னால் என்னைக் காக்கும் இரண்டு பத்திகள் சேர்ந்துகொண்டன. ஒன்றும் தபாலுக்குப் போகவில்லை.

இரு மாதங்களுக்கு முன் சுத்துப் புத்தகத்தைப் பற்றி என் வலைப்பூவில் எழுதினேன். பென்சிலைப் பற்றி எழுதினேன், மாச்சிக்கைப் பற்றி எழுதினேன். தாளைப் பற்றி எழுதவில்லை. அதைத்தான் உன் மகள் கண்டிருக்கிறாள். அவள் எழுதியது இது:

'ஐயா, நீங்கள் எழுதிய அந்த நண்பர் என் அப்பா என்று நினைக்கிறேன். சென்ற தையில் காலமானார். மலாக்காவைப் பற்றி நிறையச் சொல்வார். "பதினாலு வீட்ல கேட்டேன், ஒருத்தரும் இருன்னு சொல்லல" என்று சிரித்துக்கொண்டே சொல்லுவார். சிரித்து முடித்ததும் எழுந்து வெளியே போய்விடுவார். அப்பா கேட்ட அந்தப் பக்கம் உங்களிடம் இருக்கிறதா? அவர் கையெழுத்தில் அதைப் பார்க்க ஆசை.'

இருக்கிறது, அம்மா. எத்தனையோ வீடு மாற்றங்களில் எத்தனையோ கோப்புகள் தொலைந்தன. அந்த ஒரு தாள் தொலையவில்லை. பழுப்பேறிவிட்டது. ஓரத்தில் மூன்று ஊசித் துளைகள் அப்படியே உள்ளன. வெளிச்சத்தில் பிடித்தால் மூன்று புள்ளிகளாக வெயில் என் கையில் விழுகிறது. புதுப் பென்சிலும் இருக்கிறது. இன்றுவரை சீவவில்லை.

நீக்கு என்ற பொத்தானை அழுத்தினால் யாருக்கும் எதுவும் தெரியாது. அதை மறைக்காமல் சொல்கிறேன்: காலையில் என் விரல் முதலில் அந்தப் பக்கம்தான் போனது.

பிறகு வெளியிடு என்பதை அழுத்தினேன். மருமகளை அழைத்து, இனி எந்த மறுமொழியும் என் ஒப்புதலுக்குக் காத்திராதபடி மாற்றச் சொன்னேன். "கண்டவன் கண்டத எழுதுவான் மாமா, பரவாயில்லயா?" என்றாள். பரவாயில்லை என்றேன். உன் தாளைப் படமெடுத்து வலையேற்றித் தந்தாள். அதன் கீழே, அதை உருவியவன் யார் என்பதை ஒரே வரியில் எழுதினேன். முன்னால் காக்கும் பத்திகள் இல்லை. பத்தரும் லாரிக்காரரும் மாச்சிக்கும் படிக்கப் போவதில்லை. பதின்மூன்று வீடுகளில் பதில் சொல்ல ஆள் இல்லை. ஒரு வீடு மிச்சம் இருக்கிறது.

மறுமொழிப் பெட்டியைத் திறந்தேன். நானே வகுத்த விதிப்படி என் பெயரை எழுதினேன். பதினான்காவது வீடு என்று எழுதினேன். இன்றைய தேதியை எழுதினேன். அன்று மதியம், நீ ஒரு காலை ஊன்றி நின்றிருந்தபோது, என் வாயில் இருந்த சொல்லை எழுதினேன்.

இருடா.