பிங்க் பந்தும் மூன்றாவது கேமராவும்

மார்ச் 4, திங்கள்

ஸ்னூக்கர் போட்டியின் நேரலை இன்று தொடங்கியது. அரங்கத்தின் பின்னால் ஓர் அறையில் கேமராக்களின் நிறத்தைச் சரிசெய்துகொண்டு நான். அடுத்த அறையில் மைக் முன்னால் வர்ணனையாளராக என் வீட்டுக்காரர். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் இருவருக்கும் ஒரே இடத்தில் வேலை இதுதான் முதல் தடவை. "வீட்டுச் சண்டைய அங்க போய் போட்ராதீங்க," என்று மகள் எச்சரித்து அனுப்பினாள்.

மேசைக்கு நேர் மேலே தொங்கும் மூன்றாவது கேமராவில் மட்டும் பச்சை விரிப்பு வெளுத்துத் தெரிந்தது. சாச்சுரேஷன் குமிழைத் திருகி நிறத்தை அழுத்தமாக்கினேன். இன்னும் கொஞ்சம். பச்சைப் பசேலென்று ஆனது. "அள்ளுதுக்கா," என்றார் இயக்குநர். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மார்ச் 5

வீட்டுக்காரர் சொதப்பிவிட்டார். பிங்க் பந்து குழியில் விழுந்ததை நேரலையில் "சிவப்பு" என்றார். அதுவும் மூன்று தடவை. பிங்க்குக்கு உரிய ஆறு புள்ளி என்கிறார் நடுவர், சிவப்புக்கு உரிய ஒன்று என்கிறார் இவர். எங்கள் அறையே சிரித்தது. நானும்தான் — ஏன் சிரித்தேன்?

மார்ச் 6

கண்ணைப் பரிசோதித்து வந்தால்தான் இறுதிப் போட்டியில் மைக் என்று மேலாளர் சொல்லிவிட்டாராம். பத்து வருடம் அந்த ஆட்டத்தை ஆடியவர் இவர். சாப்பிடும்போது மகளின் சட்டையைக் காட்டி, "இது பிங்க்தானே?" என்று மெல்லக் கேட்டார். "ஊதாப்பா," என்றாள் அந்தக் கழுதை. அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும், "சும்மா சொன்னேம்பா, பிங்க்தான்," என்று கட்டிக்கொண்டாள்.

மார்ச் 7

மூன்று வேளையும் கேரட். யார் சொன்னாலும் கேட்கவில்லை.

மார்ச் 8

"கண்ணுல ஒரு குறையும் இல்ல," என்றார் டாக்டர். இவருக்குச் சந்தோஷமே இல்லை. "அப்போ கோளாறு மூளையிலயா?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் அறைக்கு ஜன்னலே கிடையாது. மேசையை எங்கே பார்க்கிறார்? நான் அனுப்பும் மூன்றாவது கேமரா படத்தை மட்டும்தானே பார்க்கிறார்?

ஓடிப்போய்ப் பதிவைப் போட்டுப் பார்த்தேன். மூன்றாவது கேமராவில் பிங்க்கும் சிவப்பும் ஒன்றேதான். விளக்கொளி அதிகமாகி மேசை வெளுத்திருக்கிறது. வெளிச்சத்தைக் குறைக்க வேண்டிய இடத்தில் நிறத்தை ஏற்றித் தொலைத்திருக்கிறேன். இருபது வருட அனுபவசாலி.

சத்தமில்லாமல் குமிழைத் திருப்பி வைத்துவிட்டால்? யாருக்குத் தெரியப்போகிறது... சீ, என்ன ஜென்மம் நான்.

மார்ச் 9

காலையில் அவரை அழைத்துப்போய்ப் படத்தைக் காட்டினேன். "தப்பு உங்க மேல இல்லங்க. நான் பண்ணது."

திரையில் பிங்க்கையும் சிவப்பையும் மாற்றி மாற்றித் தொட்டுப் பார்த்தார். "அன்னிக்கு நீயும் சிரிச்சியா?"

"ஆமா."

சுருக்கென்றது, அவருக்கா எனக்கா தெரியவில்லை. பிறகு, "ரெண்டு நாளா முயல் மாதிரி தின்னேனேடி," என்று அவரே சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்தவே முடியவில்லை, இருவராலும்.

மேலாளரிடமும் ஒப்புக்கொண்டேன். "நாளைக்கு ரெண்டு பேரும் வேணும். ஆனா ஆட்டத்துக்கு முன்னாடி பந்தையெல்லாம் ஒண்ணா உக்காந்து பாத்துருங்க," என்றார்.

மார்ச் 10, ஞாயிறு

பார்த்தோம். மூன்று கேமராவிலும், ஒவ்வொரு பந்தாக. "இன்னும் ஒரு துளி கொறை," என்றார். குறைத்தேன்.

இறுதிப் போட்டி, மூன்றாவது ஆட்டம். நீலப் பந்து விழுந்தது. "கறுப்பு," என்றார். எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. என் கை தானாகக் குமிழுக்குப் போனது. அதற்குள் காதில் அவர் குரல்: "மன்னிக்கவும் நேயர்களே, அது நீலம். படம் தெளிவாகத்தான் இருக்கிறது. நான்தான் அவசரப்பட்டுவிட்டேன்."

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.