உன் பெயரில் நான் சொன்னது

அன்புள்ள அனுவுக்கு அப்பா எழுதுவது. இங்கே கீழ்க்கட்டளையில் நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தப் போர்ச்சுகல் ஊரில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை, போன சனிக்கிழமை திருநீர்மலைக்குப் போனோம், மலை ஏற முடியாமல் கீழ்க்கோயிலில் மட்டும் சேவித்துவிட்டு வந்தாள், உன் பரீட்சை நல்லபடி முடியவேண்டும் என்று துளசி மாலை வாங்கிச் சாத்தினாள். மாடிப் போர்ஷனுக்குப் புதிதாகக் குடி வந்திருக்கிறார்கள், நல்ல மாதிரியாகத்தான் தெரிகிறார்கள். ரோட்டை மறுபடி தோண்டிப் போட்டுவிட்டதால் பல்லாவரம் சந்தைக்குப் போய்வரவே பாதி நாள் போய்விடுகிறது. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். வீடியோவில் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியாத ஒரு காரியத்தைச் செய்துவிட்டேன் அனு. முன்பே எழுத உட்கார்ந்து கிழித்துப் போட்டேன், இன்று எப்படியும் முடித்துத் தாம்பரம் போஸ்ட் ஆபீஸில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும்.

நம் தெருவுக்குப் பின்னால் இருக்கிற தாங்கல் ஏரி இந்த வெயிலில் பாதியாக வற்றிவிட்டது, இருக்கிற தண்ணீரிலும் சாக்கடை கலந்து, சித்திரை முடிவதற்குள் முழுக்கப் பச்சையாகிவிட்டது. பச்சை என்றால் யாரோ பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துவிட்ட மாதிரி. காற்று அடித்தால் அந்தப் பச்சை ஏடெல்லாம் கிழக்குக் கரையில் போய் ஒதுங்கிக் கெட்டியாக நிற்கும். நம் நகர் நலச் சங்கத்தில் இதற்காகக் கூட்டம் போட்டோம், நான்தான் செயலாளர் என்பது உனக்குத் தெரியும். நம் எதிர்வீட்டு உமேஷ், கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிற பையன், அவன் எழுந்து, "அங்கிள், தண்ணிய டெஸ்டுக்குக் குடுத்துடலாம், ரிசல்ட் வர்ற வரைக்கும் யாரும் இறங்கக் கூடாது, மாட்ட விடக் கூடாதுன்னு ஒரு போர்டு வெச்சிடலாம்" என்றான். நியாயமான பேச்சு. சரியென்று தலையாட்டிவிட்டு நான் உட்கார்ந்திருக்கலாம். அதற்குள் பின்வரிசையில் யாரோ, சார் பொண்ணு இதத்தானே படிக்குது என்றார்கள், எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

இந்த இடத்தில் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீ பாசியைப் பற்றி மேல்படிப்புப் படிக்கப் போகிறேன் என்றபோது எனக்கு அதை வெளியில் சொல்லவே கூச்சமாக இருந்தது. கல்யாண வீட்டில் யாராவது கேட்டால் மைக்ரோபயாலஜி என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். அப்படிப்பட்டவன் அன்று கூட்டத்தில் எழுந்து நின்று வாய் நிறையப் பாசி பாசி என்று பேசினேன். இது வெறும் பாசி, இதனால் ஒரு கெடுதலும் இல்லை, வெளிநாட்டில் இதைக் காயவைத்து மாத்திரையாகச் சாப்பிடுகிறார்கள், என் பெண்ணே சொல்லியிருக்கிறாள் என்றேன், டெஸ்ட் பேச்சும் போர்டு பேச்சும் அதோடு நின்றுபோயின. நீ சொன்னது என்ன என்பது எனக்கு அப்போதே அரைகுறையாக ஞாபகம் வந்தது. பொங்கல் சமயத்தில் ஒருநாள் நீ போனில் பொறுமையாக விளக்கினாய், பாசி என்று நாம் ஒரே பெயரில் சொல்கிறோமே தவிர அதில் ஆயிரம் வகை, நீலப்பச்சைப் பாசி என்பது உண்மையில் பாக்டீரியா இனம், அதில் சிலது மாத்திரையாகிறது, சிலது விஷத்தைக் கக்கும், வெறும் கண்ணால் பார்த்து எது என்று சொல்ல முடியாது, மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாலும் விஷம் இருக்கிறதா என்பதற்குத் தனியாக டெஸ்ட் செய்ய வேண்டும் என்றாய். நான் டிவியில் ஒரு கண்ணும் உன்னிடத்தில் ஒரு கண்ணுமாக ம் கொட்டிக்கொண்டிருந்தேன். மாத்திரை மட்டும் மண்டையில் நின்றது. மற்றதும் நிழல் மாதிரி வந்து போனதுதான், ஆனால் அத்தனை பேர் கேட்டுக்கொண்டிருக்கும்போது எனக்குச் சரியாகத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. உமேஷ் அன்றே வாட்ஸப் குரூப்பில், போர்ச்சுகலில் ஆராய்ச்சி செய்யும் நம்ம அனுப்பிரியா இந்தத் தண்ணீரால் பயமில்லை என்கிறார் என்று போட்டுவிட்டான். நான் அதைப் படித்தேன். அவள் அப்படிச் சொல்லவில்லை என்று ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகியிருக்கும். நான் கும்பிடு படத்தைப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.

குப்பம்மாவுக்கு வாட்ஸப் எல்லாம் கிடையாது. நமக்குப் பால் ஊற்றுகிறவள், கிழக்குக் கரையை ஒட்டித்தான் அவள் கொட்டகை, இரண்டு கறவை மாடும் ஒரு கன்றும் அங்கேதான் தண்ணீர் குடிக்கும். மறுநாள் பால் ஊற்ற வந்தபோது என்னிடம் நேராகவே கேட்டாள், "இன்னா சார், தண்ணி இப்டி பச்சப்பசேல்னு கீது, மாடு வாய வெக்கலாமா?" நான் பேப்பரைக்கூடக் கீழே வைக்காமல், "தாராளமா குடிக்கட்டும் குப்பம்மா, சத்துதான், அனுவே சொல்லிட்டா" என்றேன். அதுவரை பயந்துபோய்த் தெருக்குழாயில் குடம் குடமாகப் பிடித்துவந்து வைத்துக்கொண்டிருந்தவள், என் பேச்சைக் கேட்டு அதை நிறுத்தினாள்.

அந்த வாரமே பெரிய மாடு தீனி எடுக்காமல் நின்றது. பிறகு கால் பின்னிக்கொண்டு விழுந்தது, எழுப்பவே முடியவில்லை. சத்தம் கேட்டு நானும் போய் நின்றேன். கால்நடை டாக்டர் மாளவிகா என்று ஒரு சின்னப்பெண், உன் வயதுதான் இருக்கும், ஊசி போட்டுப் பார்த்தாள், மாடு பிழைக்கவில்லை. டாக்டர் கரைக்குப் போய் அந்த ஏட்டைக் குச்சியால் கிளறிப் பார்த்துவிட்டு வந்து, "யாரும்மா இதக் குடிக்க விடச் சொன்னது?" என்று கேட்டாள். "சாரோட பொண்ணு சொல்லிச்சாம் டாக்டர், வெளிநாட்ல படிக்கிற பொண்ணு, அதுக்குத் தெரியாதா" என்று குப்பம்மா அழுதுகொண்டே சொன்னாள். டாக்டர் என்னைப் பார்த்தாள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன் அனு. அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். டாக்டர் டெஸ்டுக்கு அனுப்பிய மாட்டின் கல்லீரலிலும் தண்ணீரிலும் நீ சொன்ன அந்தப் பாசி விஷம்தான் என்று அப்புறம் ரிப்போர்ட் வந்தது.

அம்மாவுக்கு விஷயம் பால்காரர்கள் மூலமாகத்தான் தெரிந்தது. அவள் கத்தவில்லை. சாப்பாட்டைப் போட்டுவிட்டு, "நம்ம பொண்ணு அப்படிச் சொல்லியிருக்க மாட்டாளே, நீங்கதானே?" என்று மட்டும் கேட்டாள். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து நேரே குப்பம்மா கொட்டகைக்குப் போனேன். அவள் கன்றைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வா சார், நீ எதுக்கு மூஞ்சியத் தொங்கப் போட்டுகினு வர்ற, அந்தப் பொண்ணு இன்னா வேணும்னேவா சொல்லிச்சு, தூரத்துல கீது, கண்ணாலயா பார்த்துச்சு" என்று எனக்கே ஆறுதல் சொன்னாள். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "அனு சொல்லவே இல்ல குப்பம்மா, அவ நேர்மாறா சொன்னா, நான்தான் பெரிய மனுஷன் மாதிரி அவ பேரச் சொன்னேன்" என்றேன். அவள் குனிந்து கன்றின் கயிற்றைப் பிடித்தாள். பிறகு, "அப்போ உன் பேரயே சொல்லி இருக்கலாமே சார், நான் குடுக்காம இருந்திருப்பனே" என்றாள். கன்றை அவிழ்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றே குரூப்பில் நடந்ததை நடந்தபடி எழுதினேன், அனுப்பிரியா அப்படிச் சொல்லவில்லை, சொன்னவன் ஜீவானந்தம் என்று. சிலர் ஆறுதலாக எழுதினார்கள், பாதிப்பேர் பார்த்துவிட்டு ஒன்றும் எழுதவில்லை. செயலாளர் பொறுப்பை உமேஷ் எடுத்துக்கொண்டான், கரை முழுக்கக் கயிறு கட்டிப் போர்டு வைத்திருக்கிறார்கள். வேறு மாடு வாங்கித் தருகிறேன் என்று போய்க் கேட்டதற்குக் குப்பம்மா சாணிக்கூடையை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போய்விட்டாள், பாலும் இப்போது நம் வீட்டுக்கு ஊற்றுவதில்லை, அம்மா பாக்கெட் பால் வாங்குகிறாள். மிச்சமிருக்கிற மாட்டுக்கும் கன்றுக்கும் நம் வீட்டு போர்வெல் தண்ணீரை ஹோஸ் போட்டுத் தினமும் அவள் தொட்டியில் நிரப்பிவிட்டு வருகிறேன். அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, என்னைப் பார்ப்பதும் இல்லை.

இப்போது டாக்டர் மாளவிகா உன் நம்பரைக் கேட்கிறாள். இந்தப் பக்கத்துத் தண்ணீரெல்லாம் இப்படி ஆகிக்கொண்டு வருகிறது, மாடு வைத்திருக்கிறவர்களுக்குத் தமிழில் எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும், உங்கள் பெண் பேசுவாளா என்கிறாள். நான் இன்னும் கொடுக்கவில்லை. உன் பெயர் இங்கே எப்படி அடிபட்டது என்பது முதலில் உனக்குத் தெரியவேண்டும், அதுவும் வேறு யார் மூலமாகவும் இல்லாமல் என் கையெழுத்தில் தெரியவேண்டும் என்று நினைத்தேன். கொடுக்கலாமா வேண்டாமா என்று நீ சொல். உன் புரொபசர் காதுக்கு இது போய் உனக்கு ஏதாவது சங்கடம் வருமானால் அவருக்கும் நானே எழுதுகிறேன், இங்கிலீஷில் தப்பு இல்லாமல் எழுத உமேஷ் உதவுவான்.

நீ எடுத்த படிப்பில் மேலும் மேலும் நன்றாக வரவேண்டும், எந்த நோய்நொடியும் உன்னை அண்டாமல் இருக்கவேண்டும் என்று நானும் அம்மாவும் மனசார ஆசீர்வதிக்கிறோம். கடலில் சாம்பிள் எடுக்கப் போகும்போது தனியாகப் போகாதே, தலை ஈரத்தோடு படுக்காதே, அம்மா அனுப்பிய பருப்புப்பொடியை ஃப்ரிட்ஜில் வைக்காதே, கட்டி தட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது வழக்கமாகப் போனை நான்தான் பிடுங்கிக்கொள்வேன், இனிமேல் அம்மா எடுப்பாள். என்னோடு பேசவேண்டும் என்று உனக்குத் தோன்றினால் மட்டும் அவளிடம் சொல், கூப்பிடுவாள், நான் வாசலில்தான் நின்றுகொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஜீவானந்தம்