நாலாவது குருவி

என் உயிருக்கு உயிரான அண்ணிக்கு,

நீ இருந்தவரைக்கும் உன்னை ‘நீங்க’ போட்டுத்தான் பேசினேன். இப்போது ‘நீ’ என்று எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. சாமியையும் செத்தவர்களையும் நாம் அப்படித்தானே கூப்பிடுகிறோம்? சாமி என் பேச்சைக் கேட்பதாக இல்லை. நீயாவது கேள்.

உன் மகள் பவுனுக்குத் தை மாதத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. ஆகிவிட்டது என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன். அது கல்யாணம்தானா என்று உன்னைக் கேட்காமல் வேறு யாரைக் கேட்பேன்? அண்ணன் ஜப்பான் சண்டைக்கு முன்னமே போய்ச் சேர்ந்தார். நீ ஒரு கொய்னா மாத்திரை கிடைக்காமல் காய்ச்சலில் வெந்து போனாய். புருஷன் வேண்டாமென்று வந்து உன் வீட்டில் உட்கார்ந்தவள் நான். என் கையில் போய் வயசுக்கு வந்த பெண்ணைக் கொடுத்துவிட்டுப் போனாயே, இது உனக்கே நியாயமா?

பொங்கல் கழிந்ததும் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி நம் லயத்து வரிசை வீடுகளுக்கு வந்தார். வெள்ளைக்காரத் துரை விட்டுவிட்டு ஓடிய பங்களாவில் ஜப்பான் சோல்ஜர்கள் குடிவரப் போகிறார்களாம். அங்கே வேலைக்குக் கல்யாணமாகாத பெண்கள் வேண்டுமாம். என்ன வேலை என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை.

“கட்டிக்கொடுத்த பொண்ண விட்டுருவான், காத்தாயி. ஆனா சும்மா ஒரு மஞ்சக் கயித்தக் கட்டிக் காட்டுனா நம்பமாட்டான். பக்கத்துத் தோட்டத்துல அப்படி ஏமாத்தப் போயி, இழுத்துட்டே போயிட்டானுங்க. பந்தலு, தோரணம்னு பார்த்த ஒடனே கல்யாண வீடுன்னு தெரியணும். வெள்ளிக்கிழமை பொண்ணுங்களப் பார்க்க வர்ற ஜப்பான் ஆப்பீசர நான்தான் கூட்டிட்டு வரணும்,” என்றார்.

“மாப்பிள்ளைக்கு நான் எங்கய்யா போவேன்?”

“அது ஒன் பாடு.”

இந்த ஆளெல்லாம் சோறு தின்கிறாரா, வேறு எதையாவது தின்கிறாரா என்று வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

மாப்பிள்ளை கிடைத்தான், அண்ணி. திகாம் பத்து ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கிற தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டும் வேலு. அப்பா அம்மா இல்லை, சின்னப்பொண்ணு என்று ஒரு தங்கச்சி மட்டும். பவுனு அவனை மாரியம்மன் திருவிழாவில் பார்த்திருக்கிறாளாம். பெயரைச் சொன்னதும் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பயத்திலும் ஒரு வெட்கம் வந்தது பார், அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உடம்பில் தெம்பு வந்தது.

ஆனால் வீட்டை எதை வைத்து அலங்கரிப்பது? துணி கிடையாது, சாக்கைத்தான் எல்லோரும் உடுத்திக்கொண்டிருக்கிறோம். வாசலில் கட்ட வாழைமரம் வெட்டலாமென்றால், குலை தள்ளப்போகிற மரத்தில் கத்தி வைக்க யாருக்கு மனசு வரும்? நம் தோட்டத்துத் தென்னைகளைக் குருத்துக்காக வெட்டி எப்போதோ தின்றாகிவிட்டது. மிச்சமிருந்தது ரப்பர் மரம்தான். அதுவும் இலையுதிர்க்கிற நேரம். காடே செக்கச்செவேலென்று நின்றது.

அந்த இலையைத்தான் எடுத்தோம். கீழே விழுந்தது ஆகாது, தொட்டால் நொறுங்கும். தாழ்ந்த கிளையில் அப்போதுதான் சிவந்த இலையாகப் பறித்து, தண்ணீர் தெளித்து ஈரச் சாக்கில் சுற்றிவைத்து, காம்போடு காம்பாக வாழைநாரில் கோத்தோம். பவுனு மஞ்சள் இலை ஒன்று, சிவப்பு இலை ஒன்று என்று மாற்றி மாற்றிக் கோத்தாள். காய்ந்த ரப்பர்கொட்டை ஓடுகளை நடுநடுவே தொங்கவிட்டதில், காற்றடித்தால் கலகலவென்று ஒரு சத்தம். வாழைமரத்துக்குப் பதிலாக லாலான் புல்லைப் பூவோடு அறுத்துக் கட்டுக்கட்டாக வாசலின் இரண்டு பக்கமும் நிறுத்தினோம். வெள்ளை வெளேரென்று அதுவும் அழகாகத்தான் இருந்தது.

பங்களாவைத் துப்புரவு செய்தபோது வெளியே கொட்டிய துரையம்மாவின் படப் புத்தகங்களை அடுத்த வீட்டுப் பெரியசாமி அண்ணன் பொறுக்கிக்கொண்டு வந்தார். அதை முக்கோணமாக வெட்டிக் கொடி செய்தோம். ஒட்டுவதற்கு மரவள்ளிக் கூழா? அதைக் குடிக்கவே இல்லையே! ஒரு மரத்தைக் கீறி வடிந்த பாலையே பசையாகத் தடவினோம். பிடித்தது பிடித்ததுதான். ஒரு தாளில் பெரிய கேக்கின் படம் இருந்தது. பவுனு கத்தரிக்கோலை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அத்த, இது எப்படி இருக்கும்?”

“இனிப்பா இருக்கும். வெட்டுடி, பார்த்தா வயிறு நெறையாது.”

அதட்டிவிட்டு அழுதேன். வாய் என் வாய், என்ன செய்ய?

பெரியசாமி அண்ணனின் மைத்துனர் யான் என்கிற கடலோர ஊர்ப் பக்கத்திலிருந்து சைக்கிளில் கொஞ்சம் தென்னங்குருத்து கொண்டுவந்தார். குருத்துத் தோரணம் கட்ட நம் லயத்தில் பெரியசாமி அண்ணனை விட்டால் ஆள் ஏது? அவர் மளமளவென்று கட்டிக்கொண்டே போனார். நான் எடுத்து வாசலில் மாட்டப் போனவள் அப்படியே நின்றேன். ஒவ்வொரு குருத்திலும் ஓலையில் மடித்த குருவி மூன்றுதான் இருந்தது. நல்லதுக்கு நாலு, சாவுக்கு மூன்று என்பது சின்னப்பிள்ளைக்கும் தெரியாதா?

“யோவ் அண்ணே! என்ன காரியம் பண்ணியிருக்க? எம் பொண்ணு கல்யாணத்துக்கா சாவுத் தோரணம் கட்டுற?”

அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தெரியலம்மா. போன வருசம் பூரா இதத்தான கட்டுனேன். ஒன் அண்ணிக்கும் நான்தான கட்டுனேன். கை அதுக்கே பழகிப்போச்சும்மா,” என்று சொல்லிக் குலுங்கிக் குலுங்கி அழுதார். அந்தப் பெரிய ஆள் அழுததைப் பார்த்து லயமே அழுதது. யார் வீட்டில்தான் சாவில்லை, அண்ணி?

பிரித்துக் கட்ட வேறு குருத்து இல்லை. அப்போது பவுனுதான் துரையம்மாவின் தாளில் ஒரு குருவி மடித்து, ரப்பர் பாலைத் தொட்டு மூன்றுக்குப் பக்கத்தில் ஒட்டினாள். “நாலாச்சா, பெரியப்பா? அழாதீங்க,” என்றாள். எல்லாவற்றுக்கும் அப்படியே ஒட்டினோம். பச்சைக் குருவி மூன்று, படக் குருவி ஒன்று. நீ பெற்ற பெண் கெட்டிக்காரி.

வெள்ளிக்கிழமை விடிந்தது. நான் பத்திரப்படுத்தியிருந்த உன் பழைய சேலையைக் கட்டிக்கொண்டு பவுனு மணையில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை வரவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் தோட்டத்துப் பாதையில் சின்னப்பொண்ணு மட்டும் தலைவிரிகோலமாக ஓடிவந்தாள்.

“திகாம் பத்து பாசார்கிட்ட மறிச்சு அண்ணன லோரில ஏத்திட்டாங்க. சயாமுக்காம், ஜப்பான்காரனுக்கு ரயில் ரோடு போடவாம். தாலிய எங்கிட்டத் தூக்கிப் போட்டுட்டு, நீ போய்க் கட்டுன்னு கத்துனாரு,” என்று மடியை அவிழ்த்தாள். மஞ்சள் கிழங்கு கோத்த கயிறு.

நாத்தனார் போடுவது கடைசி முடிச்சுதானே? முதல் முடிச்சைப் போட வேண்டியவன் லோரியில் போகிறானே! சயாமுக்குப் போனவர்களில் திரும்பி வந்த ஒருவரைக் காட்டச் சொல். வேண்டாமென்றால் இந்தப் பெண் பங்களாவுக்குப் போக வேண்டும், கட்டினால் உயிரோடு வருவானா என்றே தெரியாதவனுக்குப் பெண்டாட்டி ஆகிறாள். பவுனு என்னைப் பார்க்கவில்லை. கழுத்தை நீட்டி, “கட்டு, சின்னப்பொண்ணு,” என்றாள். அந்தச் சின்னப் பெண் மூன்று முடிச்சையும் தானே போட்டாள். நான் குலவை போட்டேனா, ஒப்பாரி வைத்தேனா, எனக்கே தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் கிராணியோடு அந்த ஆப்பீசர் வந்தான். தாலியைப் பார்த்தான். பிறகு தோரணத்தைப் பார்த்தவன் நகரவே இல்லை. ஒரு சிவப்பு இலையை விரலால் தூக்கிப் பார்த்துக் கிராணியிடம் என்னவோ மெல்லப் பேசினான். அப்புறம் ஏதோ கேட்டான், கிராணி பதில் சொன்னார், அவன் சிரித்துத் தலையாட்டிவிட்டுப் போனான்.

“என்னய்யா சொன்னான்?” என்று பிறகு கேட்டேன்.

“அவன் ஊர்லயும் இப்படித்தான் எல செவந்து உதிருமாம். வீட்டு ஞாபகம் வந்துருச்சாம். மாப்பிள்ள எங்கன்னு கேட்டான். ஒங்க ரயில் ரோட்டுக்குத்தான் போயிருக்கான்னேன். சந்தோசப்பட்டான்.”

அவனுக்கும் வீடு இருக்கிறதாம், அண்ணி! ஞாபகம் வருகிறதாம்! அவன் தொட்ட இலையைப் பிய்த்து அடுப்பில் போட்டேன். வேறு என்னால் என்ன செய்ய முடிந்தது?

பவுனை விட்டுவிட்டார்கள். கீழ் லயத்திலிருந்து இரண்டு பெண்கள் போனார்கள், அவர்களைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. காட்டில் இப்போது புதுத் துளிர் வந்துவிட்டது. சின்னப்பொண்ணு நம்மோடுதான் இருக்கிறாள். இருக்கிற மரவள்ளியை மூன்று பேரும் பங்கிட்டுக்கொள்கிறோம். சயாமிலிருந்து ஒரு தகவலும் இல்லை.

தினமும் காலையில் எழுந்ததும் பவுனு என் முகத்தைப் பார்த்து, “அத்த, ராத்திரி அம்மா கனவுல வந்தாங்களா?” என்று கேட்கிறாள். அங்கே யாராவது புதிதாக வந்து சேர்ந்தால் நீ வந்து சொல்லிவிடுவாயாம். இல்லை என்று நான் சொன்ன பிறகுதான் அவள் அடுப்பைப் பற்றவைக்கிறாள்.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். உன்னைப் பார்க்க வேண்டுமென்று நெஞ்சு கிடந்து துடிக்கிறது, என்றாலும் என் கனவில் வராதே, அண்ணி. வேலு அங்கே வந்திருந்தாலும் வராதே. அவனுக்குப் பசிக்கும், உட்காரவைத்துச் சோறு போடு, ஆனால் என்னிடம் சொல்லாதே. நான் பொய் சொல்லத் தெரியாதவள், என் முகம் காட்டிக்கொடுத்துவிடும். நீ வராமல் இருந்தால் போதும், உன் மகளை நான் கைவிடமாட்டேன். தினமும் காலையில் அவளுக்கு ‘இல்லை’ என்று சொல்ல நான் இருப்பேன், இது சத்தியம்.

உன் நாத்தனார்,
காத்தாயி