வீட்டுக்குப் போன அட்டை

அன்புள்ள அக்காவுக்கு,

கூரை ஒழுகுவதைத் தவிர இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பொய் எழுத வரவில்லை. நீங்கள் பதவி உயர்வில் அந்த ஊருக்குப் போய் எட்டு மாதமாகிறது. உங்கள் நூலகத்தை நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று சொல்லித்தான் ஆகவேண்டும்.

பள்ளி விட்டதும் வந்து கும்மாளம் போடும் பிள்ளைகளுக்கு மூலை மேசையை ஒதுக்கியிருந்தீர்கள். செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். பொறுப்பேற்ற வாரமே மேசையை எடுத்தேன். 'அமைதி' பலகையைப் பெரிதாக எழுதி மாட்டினேன். நாளிதழ் படிக்க வரும் பெரியவர்கள், இப்பத்தான் நூலகம் மாதிரி இருக்கு என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பதினைந்து பிள்ளைகள் வந்த இடத்தில் மூன்று பேர் மிஞ்சினார்கள்.

அதில் ஒருத்தியை உங்களுக்குத் தெரியும். அட்டெண்டர் அண்ணன் 'பூட்டுக்காரி' என்று கூப்பிடுவாரே, கதவைப் பூட்டும்வரை வீட்டுக்குக் கிளம்பாத பெண். இப்போது பத்தாம் வகுப்பு. நாற்காலியை இழுத்து வாசலைப் பார்க்கத் திருப்பிப் போட்டுக்கொண்டுதான் உட்காருவாள். தினமும் அதற்கு ஒரு திட்டு வாங்குவாள்.

இரண்டு மாதம் முன்பு அலமாரிகளுக்கு நடுவே நின்றபடியே ஒரு புத்தகத்தை நான்கு நாள் படித்தாள். வழியை மறிக்காதே, பதிந்து எடுத்துப் போய்ப் படி என்றேன். தயங்கித்தான் நீட்டினாள். வீட்டில் அடி வாங்கும் பிள்ளைகள் யாரிடம் உதவி கேட்கலாம் என்று சொல்கிற புத்தகம். தலைப்பைப் பார்த்தேன், தேதி முத்திரை குத்தினேன், அடுத்தவரைக் கூப்பிட்டேன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை அக்கா.

திருப்பித் தரவேண்டிய நாள் தாண்டி ஆறு நாள் ஆயிற்று. அன்றைக்கு முப்பத்தொரு நினைவூட்டல் அட்டைகள் எழுதினேன். பழைய நகல்களைப் புரட்டியபோது, பிள்ளைகளுக்கு மட்டும் நீங்கள் புத்தகத்தின் பெயரே போடாமல் 'ஒருமுறை வந்துவிட்டுப் போ' என்று எழுதியிருந்தது கண்ணில் பட்டது. சோம்பல் என்று நினைத்தேன். மேலிடத்துக்குப் போன அறிக்கையில் அதைக் குறையாகவும் எழுதினேன். உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கர்வம் விடவில்லை. உறையில்லாத அட்டையில் அவள் பெயரையும் புத்தகத் தலைப்பையும் முத்து முத்தாக எழுதித் தபாலில் போட்டேன்.

நான்கைந்து நாளில் அவள் அப்பா வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, பணிவான பேச்சு. புத்தகத்தை மேசைமேல் வைத்து, "நல்லவேளை நீங்க எழுதினீங்க மேடம். இல்லைன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது. ரொம்ப நன்றி" என்றார். நானும் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, எங்க கடமைதானே சார் என்றேன்.

அடுத்த வாரம் அவளுடைய தோழி வந்து தன் உறுப்பினர் அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "அவளுக்குக் கை உடைஞ்சிருக்கு. மாடிப்படியில விழுந்துட்டான்னு சொல்றாங்க. அவங்க வீட்ல மாடியே இல்ல மேடம்" என்றாள். அந்தப் புத்தகத்தை அவள் வீட்டுக்குக் கொண்டுபோகவே இல்லையாம். தோழி வீட்டில் ஒளித்து வைத்திருந்தாளாம். அப்பா அங்கே போய் வாங்கி வந்திருக்கிறார். வீட்டுக்குப் போனது என் அட்டை மட்டும்தான்.

அன்றைக்கே பள்ளிக்கு ஓடினேன். மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போய்விட்டார்கள் என்றார்கள். குழந்தைகள் நல அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன். ஊர் மாறிவிட்டதால் அங்கே இருப்பவர்கள்தான் விசாரிக்க வேண்டும் என்று கையைக் கழுவிவிட்டார்கள். அவளைக் கொண்டுபோய் விட்டிருப்பது அந்த அப்பாவின் அக்கா வீட்டில். இப்போது நீங்கள் இருக்கும் நூலகத்துக்கு அடுத்த தெரு என்று தோழி சொன்னாள். என் புகாரின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். அங்கே உள்ள அலுவலகத்தில் கொடுத்து, அவர்கள் அசையும்வரை விடாதீர்கள்.

அவள் உங்களிடம் வருவாள் என்று நினைக்கிறேன். வேறு எங்கே போவாள்? இடது கையில் கட்டு இருக்கும். வாசல் தெரிகிற மாதிரி ஒரு நாற்காலி போட்டு வையுங்கள். பெற்றோர் கையெழுத்து கேட்காதீர்கள். எதைப் படித்தாலும் அங்கேயே படிக்கட்டும், பதிய வேண்டாம். விதியை மீறச் சொல்கிறவள் நானா என்று சிரிக்காதீர்கள்.

நான் எழுதியது அவளுக்குத் தெரியவேண்டாம். இங்கேயும் தன்னைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள் என்று மிரண்டு போவாள். மன்னிப்புக் கேட்கும் ஆசையெல்லாம் எனக்கு நிறைய இருக்கிறது. அதை அவள் தலையில் கட்டவேண்டாம். நூலகத்துக்காரர்களை நம்பவே கூடாது என்று என்றைக்காவது அவள் சொன்னால், மறுத்துப் பேசாதீர்கள் அக்கா. ஆமாம் என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, நாளைக்கும் வரச்சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்
தங்கை