இலை நரம்பு என்று அப்பா காட்டியது

அன்புள்ள அக்கா,

உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், இந்தத் தாளை யாரிடமும் காட்டாதே, விடுதியில் உன் அறைத்தோழிகளிடம்கூட. படித்ததும் கிழித்துவிடு. நான் நலம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். இதோடு மடித்திருக்கும் இன்னொரு தாள் அப்பாவுடையது, வழக்கம்போல அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியது. அதில் முட்டைக்கோசில் ஒரு புழுகூட இல்லை என்று இருக்கும். அதை நம்பாதே. அதைச் சொல்லத்தான் அவர் படுத்த பிறகு கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நர்ஸ் படிப்புக்குக் கிளம்பும் முன் நீ பின்பக்கம் விதைத்துவிட்டுப் போன கோசு இப்போது உருண்டை பிடிக்கத் தொடங்கிவிட்டது, கூடவே புழுவும் வந்துவிட்டது. வெள்ளைப் பட்டாம்பூச்சி வரும்போதெல்லாம் எவ்வளவு அழகு என்று வேடிக்கை பார்த்தேன், அது இலைக்கு அடியில் மஞ்சளாக முட்டை வைத்துவிட்டுப் போவது அப்புறம்தான் தெரிந்தது. பக்கத்து வீட்டு டெய்லர் மாமா மதில் மேல் எட்டிப் பார்த்து, என்ன டிரைவரே, கோசு போட்டியா சல்லடை போட்டியா என்று கேட்டார். அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. என் கண்ணுக்குத் தப்பி ஒரு புழு இருக்குமாய்யா, நீ போய் உன் ஊசியில நூலைக் கோரு என்று சொல்லிவிட்டு, என்னைக் கூப்பிட்டு ஒரு இலையைத் திருப்பிக் காட்டினார். பாரு பாப்பா, நரம்பு எவ்வளவு கொழுகொழுன்னு ஓடியிருக்கு, புழு விழுந்த செடி இப்படியா இருக்கும் என்றார். அவர் காட்டியது நரம்பு இல்லை அக்கா. நரம்போடு ஒட்டிப் படுத்திருந்த பச்சைப் புழு. அவர் காட்டிக்கொண்டிருக்கும்போதே அது நகர்ந்தது. நான் ஆமாம்ப்பா என்றேன்.

அன்றிலிருந்து விடிந்ததும் அவருக்கு முன்னால் எழுந்து முட்டைகளை நசுக்கிவிட்டு, புழுக்களைப் பொறுக்கி சோப்புத் தண்ணீர் டப்பாவில் போடுகிறேன். கத்தரிச் செடியிலும் பார்க்கிறேன். தொட்டால் ஜில்லென்று நெளிகிறது. நீ இருந்தபோது எனக்குப் பின்னால் நின்று கத்திக்கொண்டே டப்பாவை மட்டும் எட்ட நீட்டுவாய். இப்போது டப்பா பிடிக்க ஆளில்லை, முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொள்கிறேன். நீ கத்தாததால் தோட்டமே ஊமையாகிவிட்டது போல இருக்கிறது.

செடி போனால் போகட்டும், எனக்கு வேனை நினைத்தால்தான் பயம். தினமும் அப்பா அதில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறார், நான் முன்சீட்டில் உட்கார்ந்து, மேடு வருதுப்பா, உங்க சொந்தக்காரங்க நாலு கால்ல குறுக்க வராங்கப்பா என்று விளையாட்டாகச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டே வருகிறேன். அவரும் சிரித்துக்கொண்டே பிரேக் போடுவார். நேற்று நான் வாய் திறப்பதற்குள் ஒரு சைக்கிள்காரர் ஓரமாக ஒதுங்கி விழுந்துவிட்டார். நல்லவேளை அடியில்லை. அவர் எழுந்து நின்று, கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு என்று அப்பாவைப் பார்த்துக் கத்தினார். பின்னால் பிள்ளைகள் சிரித்தார்கள், அப்பா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், வெயில் கூசுச்சு அவ்வளவுதான், அக்காகிட்ட வாயைத் திறந்தே, அவ பெட்டியைத் தூக்கிட்டு வந்து வாசல்ல நிப்பா, படிப்பு போயிடும் என்றார். அம்மா இருந்திருந்தால் அவளிடம் சொல்லியிருப்பேன். நாளைக்கும் வேன் எடுக்கத்தான் போகிறார்.

நீ வந்துவிடாதே. அடுத்த முறை போன் பேசும்போது, படிப்புக்காகக் கேட்பதுபோல அவர் கண்ணைப் பற்றிக் கேள். நீ சொன்னால் ஆஸ்பத்திரிக்குப் போவார், நான் சொன்னால் நீ பெரிய டாக்டரா என்பார். நான் எழுதினேன் என்று மட்டும் சொல்லிவிடாதே. வராதே என்று எழுதிவிட்டேன், ஆனாலும் உன் தலையணையைக் கட்டிலில் நீ படுக்கும் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன், உன் வாசனை போய்விடும் என்று உறையைத் துவைக்கவில்லை. மழையில் நனையாதே. அப்பாவின் ஆசீர்வாதம் அந்தத் தாளில் இருக்கிறது, என்னுடைய

கதவு தட்டும் சத்தம். அப்பாதான். டார்ச்சை எடுத்துட்டு வா பாப்பா என்கிறார். செடிகிட்டதான் இவ்வளவு நேரம் நின்னேன், இலையைத் தடவித் தடவிப் பார்த்துட்டேன், என் கண்ணுக்கு ஒண்ணும் தெரியலம்மா, நீ பார்த்துச் சொல்லு என்கிறார்.