பத்து நிமிடக் கெடு

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். ஃபேன் சூட்டைத்தான் சுற்றிவிடுகிறது. கல்கத்தா லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய், வாழைப்பூ. சின்ன வெங்காயம் அழுகல், வாங்கவில்லை.

பதினொரு மணிக்கு ஆபீஸ் ரிமோட் இணைப்பு அறுந்தது. ஆஸ்பத்திரி பில் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தேன். கை மவுஸில் இல்லை, கண் திரையில்தான். நேரம் முடிந்தது என்று ஒரு வரி, அவ்வளவுதான். திரும்ப உள்ளே போனால், அடித்துவைத்த இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் முழுக்கக் காணோம்.

புது விதியாம். வீட்டிலிருந்து பவானிபூர் ஆபீஸ் சர்வருக்குள் போய் வேலை பார்க்கும் நாங்கள் பத்து நிமிடம் கீபோர்டையோ மவுஸையோ தொடாவிட்டால் துண்டிப்பு. சேவ் செய்யாதது போயிற்று. விதியைப் போட்டவன் ஆபீஸ் சிஸ்டம் அட்மின் கார்த்திக். என் கொழுந்தன். அடுத்த அறையில் தூங்குகிறவன். இனி கா. பெயரை முழுதாக எழுதக் கை வரவில்லை.

சாயங்காலம் கேட்டேன்.

"அரை மணியாவது குடு. ஒரு பில்லைப் படிக்கவே அவ்வளவு நேரம் ஆறது."

"ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான் மன்னி. ஆத்து மனுஷான்னு மாத்தினா பேச்சு வரும்."

ஃபோனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் சாம்பார் கேட்டான். ஊற்றினேன்.

ஜூன் 10, செவ்வாய்

மூன்று தடவை அறுந்தது. குக்கரை அணைக்கப் போனபோது ஒன்று. கேஸ்காரர் வந்தபோது ஒன்று. மூன்றாவது, சும்மா யோசித்துக்கொண்டிருந்தேன். யோசிப்பது வேலையில் சேராது போலிருக்கிறது.

இப்போது மவுஸை ஆட்டிக்கொண்டே படிக்கிறேன், பைத்தியம் மாதிரி. தோள்பட்டை வலி.

ரகுவிடம் சொன்னேன். என் கணவர், கா.வின் அண்ணா.

"அவன் வேலையை அவன் பாக்கறான். நடுவுல நான் என்ன சொல்றது?"

பேப்பரைப் பிரித்துக்கொண்டார். இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு. இன்றுதான் கவனித்தேன்.

வாங்க: தனியா, பெருங்காயம், வலிக்குக் களிம்பு.

ஜூன் 12, வியாழன்

சூப்பர்வைசர் ஷர்மிளாதி ஃபோன். 'தி' என்றால் இங்கே அக்கா. என் க்ளெய்ம்கள் தாமதமாம். இப்படியே போனால் வேலை நிரந்தரமாகாது, மாதக் கடைசியில் முடிவு செய்துவிடுவார்கள். அறுந்து அறுந்து போவதைச் சொன்னேன்.

"ஆபீஸில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இரண்டு மணி நேரம் இருக்கிறதே," என்றாள் வங்காளியில். "உங்கள் குரூப்புக்குத்தான் பத்து நிமிடம்."

எல்லாருக்கும் ஒன்றாம்!

ஏன் என்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னாள். மீட்டிங்கில் கா. பேசியது: வீட்டிலிருந்து வேலை செய்யும் பெண்கள் நடுவில் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறார்கள், எங்கள் வீட்டிலேயே பார்க்கிறேன்.

எல்லாரும் சிரித்தார்களாம்.

எப்போது பார்த்தான்? வெள்ளிக்கிழமை அவனுக்கும் வீட்டிலிருந்துதான் வேலை. பாதி வேலையில் "மன்னி, காபி" என்று குரல் வரும். எழுந்து போய்ப் போட்டுக் கொடுப்பேன். அதைத்தான் பார்த்திருக்கிறான்.

ஜூன் 13, வெள்ளி

"மன்னி, காபி."

எழுந்திருக்கவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டுவிட்டு வாசலுக்கே வந்தான்.

"காது கேக்கலையா?"

"கேட்டுது. எழுந்து போனா அறுந்துடும்."

"ஒரு காபி போடப் பத்து நிமிஷமா?"

"நாங்க அடுப்படிக்குப் போறோம்னு மீட்டிங்ல சொன்னியே. யாருக்காகப் போறேன்னு சொன்னியா?"

முகம் மாறியது. யார் சொன்னது என்றான். அதுதான் அவனுக்கு முக்கியம். பிறகு, "பொதுவாத்தான் சொன்னேன்."

மேனேஜருக்கு மெயில், ஷர்மிளாதிக்கு நகல். அவன் மீட்டிங்கில் பேசியது, அவன் கேட்கும் காபி, இரண்டும் எழுதினேன்.

மதியச் சமையல் எனக்கும் ரகுவுக்கும் மட்டும்.

ஜூன் 17, செவ்வாய்

எங்களுக்கும் இரண்டு மணி நேரம் ஆக்கிவிட்டார்கள். மேனேஜர் கா.வை எல்லார் முன்னாலும் காரணம் கேட்டாராம். என் வேலை பற்றி இன்னும் ஒன்றும் தெரியாது.

ஷர்மிளாதி: "வீட்டு விஷயத்தை நீ ஆபீஸுக்குக் கொண்டுவந்திருக்க வேண்டாம்." முதலில் கொண்டுபோனது யார்?

ரகு: "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே." சொன்னேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 20, வெள்ளி

இந்த வாரம் முழுக்க கா. வெளியில்தான் சாப்பாடு. பேச்சு இல்லை. மன்னிப்பும் இல்லை.

ரகு காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "கார்த்திக் பெஹாலா பக்கம் ரூம் பாத்திருக்கான். கிரவுண்ட் ஃப்ளோர். நாளைக்குப் பேசி முடிக்கப் போறான். நீ ஒரு வார்த்தை சொன்னா இங்கேயே இருந்துடுவான்."

"எந்தத் தெரு?"

சொன்னார்.

அந்தத் தெரு எனக்குத் தெரியும். என் குரூப்பில் இருக்கும் மௌசுமி முன்பு அங்கேதான் குடியிருந்தாள். மழை பிடித்தால் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். கட்டில் மேல் உட்கார்ந்து வேலை பார்த்தாள்.

"நல்ல தெரு," என்றேன்.